அமெரிக்க அதிபரின் அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது?

(காட்சி: நியூயார்க், ஃபெடரல் ஹால். ஜன்னலுக்கு வெளியே குதிரை வண்டிகள்.)

1789 ஆகஸ்ட் 22. பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகாத ஜார்ஜ் வாஷிங்டன், நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் சபைக்குள் வருகிறார். கூடவே போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ். தெற்கே இருந்த பழங்குடிகளோடு உடன்படிக்கை பேச வேண்டியிருக்கிறது. அதற்கு செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் தேவை என்கிறது அரசியலமைப்பு. சரி, ஆலோசனைதானே, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டார்.

துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் தாளை வாசிக்கிறார். தெருவில் போகிற வண்டிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வாசிக்கிறார்கள். உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். ஒரு குழுவிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்கிறார் ஒருவர். வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வந்த காரியமே கெட்டுப்போகிறது என்று அவர் எரிச்சலோடு சொன்னதை, அங்கே இருந்த செனட்டர் வில்லியம் மக்ளே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மீண்டும் வந்து வேலையை முடித்தார். அதன் பிறகு ஆலோசனை கேட்டு அந்தப் பக்கமே போகவில்லை. பின்னால் வந்த அதிபர்களும் அப்படியே. பேசி முடித்த உடன்படிக்கையை அனுப்பி, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கேட்பதோடு சரி. 'ஆலோசனை' என்ற சொல் மட்டும் இன்னும் அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது.

(காட்சி: அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு.)

அதிபர் பதவியைப் பற்றிய பிரிவு இதுதான். ஏறக்குறைய 1,000 சொற்கள். படைகளுக்குத் தலைவர், மன்னிப்பு வழங்கலாம், நீதிபதிகளையும் தூதர்களையும் செனட் சம்மதத்தோடு நியமிக்கலாம். இந்த மாதிரி சில வரிகள்தான். மீதி இடமெல்லாம் காலி. காலி இடத்தில் முதலில் போய் உட்கார்ந்தவர் செய்ததே பல நேரம் வழக்கமாகிவிட்டது.

ஜான் டைலர் கதையைப் பாருங்கள். 1841 ஏப்ரலில் அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார். இனி துணை அதிபர் டைலர் அதிபரா, வேலையை மட்டும் பார்த்துக்கொள்பவரா? அரசியலமைப்பின் வாசகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. டைலர் யாரையும் கேட்கவில்லை. நான்தான் அதிபர் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். 'தற்காலிக அதிபர்' என்று முகவரியிட்டு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மனிதருக்குப் பிடிவாதம் அதிகம். ஆனால் அந்தப் பிடிவாதமே வழக்கமானது. 1967-ல் 25-ஆவது திருத்தம் வந்துதான் அது எழுத்தில் ஏறியது.

வாஷிங்டன் இரண்டு தவணையோடு விலகியதும் இப்படி ஒரு வழக்கம்தான். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, 1951-ல் அதையும் சட்டமாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் அதிபர் எதையும் செய்துவிட்டு வழக்கமாக்கிவிடலாமா? 1952-ல் ஹாரி ட்ரூமன் முயன்று பார்த்தார்.

(காட்சி: புகை கக்கும் இரும்பாலை.)

கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயார். உற்பத்தி நின்றால் ஆயுதம் இல்லை. ஏப்ரல் 8-ஆம் தேதி, நாட்டின் முக்கியமான எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ளும்படி ட்ரூமன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். காங்கிரஸ் அதற்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை. (நம்மூர் கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம்.)

இரண்டே மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ஆணையை ரத்து செய்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள்! அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றுவரை வழக்கறிஞர்கள் எடுத்துப் பேசுவது. காங்கிரஸ் கூட நின்றால் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் வாய் திறக்காவிட்டால் அரை இருட்டு. அதன் விருப்பத்துக்கு எதிராகப் போனால் பலம் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதிகாரத்துக்கு நிலையான அளவு எதுவும் கிடையாது, எதிரே நிற்கிறவரைப் பொறுத்து அது ஏறும், இறங்கும் என்பதே இதன் பொருள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆலைகளை இழந்த ட்ரூமன், கொரியப் போரையே காங்கிரஸின் போர் அறிவிப்பு இல்லாமல்தான் நடத்தினார். அதை எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை. போர் அறிவிக்கும் உரிமை காங்கிரஸுக்கு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அது கடைசியாக ஒரு போரை அறிவித்தது 1942-ல். வியட்நாமும் ஈராக்கும் அந்தக் கணக்கில் வராது.

வியட்நாமில் சூடுபட்ட காங்கிரஸ், 1973-ல் அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (மசோதாவைத் தடுக்கும் அதிகாரம்) மீறிப் போர் அதிகாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. படையை மோதலுக்குள் அனுப்பினால் 48 மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் சண்டையை நிறுத்த வேண்டும், விலகி வர இன்னும் 30 நாள்.

அதிபர்கள் அறிக்கை அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள். 'இந்தச் சட்டத்தின்படி' என்று எழுதுவதைத் தவிர்த்துவிட்டு, 'இந்தச் சட்டத்துக்கு இசைவாக' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தும் என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த வார்த்தை விளையாட்டு.