முழங்காலில் இரண்டு ஏசிஎல் கிழிசலுக்குப் பிறகும் ரைட் பேக்: ஜூலியா க்வின்

[திரையில்: ஆடுகள வரைபடம். வலது ஓரம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு]

வணக்கம். இந்தச் சிவப்புக் கோடுதான் ஜூலியா க்வினின் வேலையிடம். பயர்ன் மியூனிக் அணியின் ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்; ஜெர்மனி பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். இந்த இடத்தில் ஆடுபவரின் முழங்கால் ஏன் இவ்வளவு அடிவாங்குகிறது, அடிவாங்கிய பிறகு எப்படித் திரும்பி வர முடிகிறது என்று பார்ப்போம்.

1999-ல் தெற்கு ஜெர்மனியில், போடன் ஏரிப் பகுதியில் பிறந்தவர். 2015-ல் ஃபிரைபர்க் அணிக்குப் போனார், 2019-ல் பயர்னுக்கு. தொடக்கத்தில் அவர் தடுப்பாட்டக்காரர் அல்ல, விங்கர், அதாவது ஓரத்தில் ஏறித் தாக்குபவர். 2019 உலகக் கோப்பையில் சீனாவுக்கு எதிரான முதல் ஆட்டம், 66-வது நிமிடம். ஒரு கார்னர் கிக்குக்குப் பிறகு பெனால்டி பெட்டியின் விளிம்புக்கு வந்த பந்தை, கூட்டத்துக்கு நடுவே அடித்து வலைக்குள் அனுப்பினார். ஜெர்மனிக்கு 1-0 வெற்றி. அப்போது அவருக்கு வயது 19. அந்தத் தொடரின் சிறந்த இளம் வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தது.

விங்கராக வளர்ந்தவரை ஏன் பின்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்? இன்றைய ரைட் பேக் தாக்குதலின்போது எதிரணிப் பெட்டி வரை ஏறிப்போக வேண்டும். பந்து பறிபோன நொடியில் முழு வேகத்தில் திரும்பி ஓடிவந்து, எதிரணி விங்கருக்கு முன்னால் சட்டென்று நின்று திரும்பவும் வேண்டும். ஓடுவதைவிட ஆபத்தானது இந்த நிற்பதும் திரும்புவதும்தான்.

[திரையில்: முழங்காலின் உட்புறம்]

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகக் கட்டியிருக்கும் தசைநார் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்துக்கொள்வதும், முறுக்கத்தைத் தாங்குவதும் இதுதான். பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் சரியாக மடங்காமல் உள்பக்கம் சாய்ந்து உடல் திரும்பினால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கிழிந்துவிடும். பெரும்பாலான கிழிசல்களில் எதிராளி முழங்காலைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

க்வினுக்கு முதல் கிழிசல் 2020 செப்டம்பரில், அயர்லாந்துக்கு எதிரான யூரோ (ஐரோப்பியக் கோப்பை) தகுதிச் சுற்றில். மூட்டுத் திரவம் ரத்தக்கட்டைக் கரைத்துவிடுவதால் ஏசிஎல் தானாக ஒட்டுவது அரிது. அதனால் பெரும்பாலும் தொடையின் பின்தசை நாணையோ முழங்கால் சில்லு நாணையோ எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிய நாராகப் பொருத்துவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் வலுப்பெறுவதில்லை, வலுக்குறைகிறது. உடல் அதைத் தசைநாராக மாற்றிக்கொள்ளும் காலம் அது. வலி போய்விட்டது, ஓட முடிகிறது என்று ஆறாவது மாதத்தில் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயப்படும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. நாட்காட்டி மட்டும் போதாது: காயப்பட்ட காலின் தொடை வலிமையும் ஒற்றைக்கால் தாவலும் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

க்வின் திரும்பி வந்தார். 2022 யூரோவில் இறுதி வரை போன ஜெர்மனி, வெம்பிளியில் 87,192 பேர் முன்னிலையில் கூடுதல் நேரத்தில் 2-1 என இங்கிலாந்திடம் தோற்றது. தொடரின் சிறந்த அணியில் ரைட் பேக் அவர்தான்.

அதே ஆண்டு அக்டோபரில், தேசிய அணிப் பயிற்சியில் மறுபடி ஏசிஎல் கிழிந்தது. 2023 உலகக் கோப்பை போயிற்று. 25 வயதுக்குள் முதல் கிழிசலிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்புபவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவருக்கு, ஏதாவது ஒரு காலில் இது மறுபடி நடக்கிறது. கவனக்குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மறுபடியும் வந்தார். 2024 ஒலிம்பிக் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிரான ஒரே கோல் அவருடைய பெனால்டி.

பிறகு 2025 யூரோ, போலந்துடன் முதல் ஆட்டம். போலந்தின் ஸ்ட்ரைக்கர் பாயோரின் ஷாட்டைச் சறுக்கித் தடுத்தபோது முழங்கால் போனது. முதல் பாதியிலேயே அழுதபடி வெளியேறினார். பார்த்த எல்லோருக்கும் மூன்றாவது ஏசிஎல்லோ என்ற பயம். ஆனால் இது முழங்காலின் உள்பக்கத் தசைநார். முக்கியப் பட்டை மூட்டுக்கு வெளியே, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருப்பதால், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் ஆறிவிடும். தொடர் மட்டும் கைவிட்டுப் போனது. அவர் இடத்துக்கு வந்த கார்லோட்டா வாம்சர் அடிப்படையில் தாக்குதல் ஆட்டக்காரர். ஸ்வீடனுக்கு எதிராக ஏழாவது நிமிடத்தில் கோல் போட்டார், முதல் பாதியிலேயே கோல் கோட்டில் பந்தைக் கையால் தடுத்துச் சிவப்பு அட்டையும் வாங்கினார். ஜெர்மனி 1-4 எனத் தோற்றது.

[திரையில்: மைதானத்தில் வார்ம் அப்]

நீங்கள் ஆடுபவர் என்றால், காயத்தைத் தடுக்க ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம் அப்பை வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலிமை, சமநிலை, தாவல், 2 நிமிடம் வேக ஓட்டம். இதில் பலரும் தவிர்ப்பது, மண்டியிட்டு, துணைவர் கணுக்காலைப் பிடித்திருக்க, உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாயும் பயிற்சி. அதைத் தவிர்க்காதீர்கள், 3 முதல் 5 முறை போதும். தாவி இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சாய்ந்தால் தாவலின் உயரத்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.