மட்டைப்பெட்டியும் மின்கலமும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

திருகோணமலையில் இரவு கடைகள் பூட்டப்படும் வேளையில், வாசல்களில் பழுப்பு நிற மட்டைப்பெட்டிகள் குவிந்து கிடப்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அவற்றுட் சில பழைய பொருள் வாங்குவோரிடம் போய்ச் சேர்கின்றன, பல எரிக்கப்படுகின்றன. எரிக்கும்போது, கடதாசியிலுள்ள காபன் ஒட்சிசனுடன் சேர்ந்து வாயுவாகிப் போய்விடுகிறது. அதே மட்டையை ஒட்சிசன் புகாத உலையில் சூடாக்கினால், நீராவியும் தாரும் பிரிந்து செல்ல, காபனில் ஒரு பகுதி கரியாக எஞ்சும். விறகை மண்ணால் மூடிக் கரி சுடுவோர் அறிந்த செய்திதான் இது.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொதி சுற்றும் கடதாசியை லேசரால் வலைபோல வெட்டி, ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் கரியாக்கி, இலித்தியம் மின்கலத்துக்குள் மின்னேற்றத்தைத் தாங்கும் பகுதியான மின்வாயைச் செய்தார்கள். அது 1200 தடவை வரை மின்னேற்றத்தைத் தாங்கியது என்பது அவர்களின் அறிக்கை.

போகலையிலும் கஹட்டகஹவிலும் உயர்தரக் காரீயம், அதாவது பென்சிலில் உள்ள கிராபைட், கிடைக்கும் நம் நாட்டுக்குக் கடதாசிக் கரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற முறையில், என்னை மிகவும் ஈர்ப்பது இக்கேள்வியே. காரீயத்தின் ஒழுங்கான படலங்களுக்கிடையே இலித்தியம் அயன்கள் எளிதில் நுழைகின்றன. இலித்தியத்துக்கு மாற்றாக மின்கலங்களில் பயன்படக்கூடிய சோடியத்தின் அயன்களோ அங்கு போதிய அளவு தங்குவதில்லை. கடதாசியிலிருந்து கிடைக்கும் காபனில் படலங்கள் தாறுமாறாகவும் நுண்துளைகளுடனும் அமைவதால், சோடியம் அங்கே இடம்பிடித்துக்கொள்கிறது. உப்பிலுள்ள சோடியமோ, நிலாவெளி உப்பளங்களை அறிந்த நமக்கு அரிய பொருளன்று. சோடியம் மின்கலம் எடை கூடியதுதான். ஆயினும் ஓரிடத்தில் நிலையாக வைத்து, சம்பூரில் அமையும் 120 மெகாவாட் சூரிய மின்னிலையம் போன்றவற்றின் பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பதற்கு எடை ஒரு தடையாகாது.

மூலப்பொருள் மலிவு என்பதற்காக மின்வாயும் மலிவாகிவிடாது. உலைக்கான எரிசக்தியும், வெளியேறும் தாரை அகற்றும் செலவும் உண்டு. இதனை வீட்டு முற்றத்தில் முயல்வது ஆபத்தானது என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

நாம் இன்றே செய்யக்கூடியது வேறொன்று. வெள்ளைக் கடதாசியில் கலந்துள்ள சுண்ணாம்புச் சேர்வை சாம்பலாக எஞ்சிக் காபனின் தரத்தைக் கெடுக்கும். பிளாஸ்டிக் பூச்சும் ஒட்டுநாடாவும் கம்பி முள்ளும் அவ்வாறே. ஆகவே கடைக்காரர்கள் பழுப்பு மட்டையை மட்டும் நாடாவையும் முள்ளையும் நீக்கித் தட்டையாக்கி, மாரி மழை படாத இடத்தில் தனியே அடுக்கி வைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நன்றி, வணக்கம்.