அடுத்த விளக்குக் கம்பம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இருபது ஆண்டுகளாக ஓடுகிறேன். முடிப்பவர்கள் அனைவருக்கும் மாட்டிவிடும் பதக்கத்தைத் தவிர வேறெதுவும் வாங்கியதில்லை. "யார் துரத்துகிறார்கள், எதற்கு இந்த ஓட்டம்?" என்று கேட்பவர்களிடம் "உடம்புக்கு நல்லது" என்பேன். அது பாதிப் பொய். உடம்புக்கு வேண்டியது வேகமாக நடந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டும்போது பலருக்கு, தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பு வற்றத் தொடங்குகிறது. ஓடுபவர்கள் இதைச் சுவரில் மோதுவது என்பார்கள். தொடை கல்லாகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். மூளை தேர்ந்த வக்கீலைப் போல வாதாடும்: முழங்கால் என்ன ஆவது, நாளை வேலைக்குப் போக வேண்டாமா, யாருக்காக இதெல்லாம்?

அந்த வக்கீல் கொஞ்சம் மிகைப்படுத்துவார். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்களை, மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். விழுங்கவே இல்லை. ஆனாலும் வெறும் தண்ணீரைக் கொப்பளித்த நாளைவிட வேகமாக ஓட்டினார்கள். சாப்பாடு வருகிறது என்று நாக்கு சொன்னதை நம்பி மூளை பிடியைத் தளர்த்தியிருக்கிறது. அப்படியென்றால், 'இனி முடியாது' என்று தோன்றும் நேரத்திலும் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சத்தை வெளியே எடுப்பது எது? மன உறுதி என்று மேடைகளில் முழங்குவார்கள். அதற்கு ரோஜர் பானிஸ்டரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். 1954 மே 6 அன்று அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 46 நாள் கழித்து ஆஸ்திரேலிய வீரர் ஜான் லாண்டியும் நான்கு நிமிடத்துக்குள் ஓடி, அந்தச் சாதனையையும் முறியடித்தார். மனத்தடை உடைந்தது, வழி திறந்தது என்பது மேடைக் கதை. அதில் விட்டுப்போகும் ஒரு பெயர் கிறிஸ் சாட்டவே. பானிஸ்டருக்கு முன்னால் ஓடி வேகம் கொடுத்த இருவரில் ஒருவர் அவர். லாண்டி சாதித்த பந்தயத்திலும் அதே சாட்டவே பின்னால் விரட்டிக்கொண்டு வந்தார். தனியாக முன்னால் ஓடிப் பழகிய லாண்டிக்கு அன்று முதுகுக்குப் பின்னால் ஒரு காலடி ஓசை கேட்டது.

அந்த மிச்சத்தை வெளியே எடுக்கும் இன்னொன்று, எண். ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவுகளை அலசிய பொருளியல் அறிஞர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பாக முடிப்பவர்கள் குவிந்திருக்கிறார்கள். சற்றுப் பின்னால் கூட்டம் சட்டென்று மெலிகிறது. 3:59-க்கும் 4:01-க்கும் இதயம், நுரையீரல் கணக்கில் என்ன பெரிய வித்தியாசம்? ஆனாலும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்த வட்டமான எண், செத்த காலுக்கு உயிர் கொடுக்கிறது.

என் வழி இன்னும் சில்லறையானது. அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓடு, பிறகு நின்றுகொள் என்று எனக்கே வாக்குக் கொடுப்பேன். கம்பம் வந்ததும் வாக்கு மாறுவேன்.

ஒருமுறை கம்பங்களும் கைவிட்டபோது, முன்னால் போன ஒருவரின் கிழிந்த ஷூ தரையில் தட்டும் ஓசையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு கிலோமீட்டர், அதே இடைவெளி. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவர் குனிந்து மூச்சு வாங்கியபடி என்னை முறைத்தார். "பின்னாலேயே வந்தது நீங்கள்தானா? எத்தனை தடவை நிற்கலாம் என்று பார்த்தேன், விட்டீர்களா?"