டீக்கால் மேல கிளியர் கோட்: முதல் கோட்டை ஈரமா இழுக்காதீங்க

வணக்கம் மக்களே. மாடல் ராக்கெட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, டீக்கால், அதாவது எழுத்தும் படமும் உள்ள ஒட்டுப்படம், ஒட்டியாச்சு. இனி அதுமேல கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, அடிக்கணும். இன்னிக்கு அதை மட்டும் பாக்கப்போறோம். பளபளன்னு வரணும்கிற அவசரத்துல நிறைய பேர் முதல் கோட்டையே, அதாவது முதல் பூச்சையே, ஈரமா இழுத்துடுறாங்க. டீக்கால் சுருங்கிப் போறது பெரும்பாலும் அங்கதான்.

வாட்டர்ஸ்லைடு டீக்கால்னா ஒரு மெல்லிசான ஃபிலிம், அதுல இங்க், அடியில தண்ணில கரையுற பசை. அவ்வளவுதான். ஸ்ப்ரே கேன்ல வர்ற கிளியர்ல தின்னர் இருக்கு. அந்தத் தின்னர் ஃபிலிம் மேல குளம் கட்டி நின்னா, ஃபிலிம் ஊறி உப்பி மடிஞ்சுடும். அதே கிளியர் தூறல் மாதிரி விழுந்தா, தின்னர்ல ஒரு பங்கு காத்துலயே பறந்துடும். மீதியும் டீக்காலைக் கடிக்கறதுக்குள்ள காஞ்சுடும். அதனால முதல் மூணு கோட் பளபளப்புக்காக இல்லைங்க. அது டீக்காலுக்குப் போடுற வேலி.

எந்தக் கிளியர் எடுக்கறது? அடியில என்ன பெயின்ட் இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். லாக்கர் கிளியர் சீக்கிரம் காயும், நல்லா கெட்டியா நிக்கும். ஆனா அதோட தின்னர் ரொம்பக் காரம். சரியா காயாத எனாமல் மேல அடிச்சா, பெயின்டே தோல் உரிஞ்ச மாதிரி சுருண்டு எழும்பும். எனாமல் கிளியர் கொஞ்சம் சாது, ஆனா மெதுவா காயும், வெள்ளை மேல நாளடைவுல மஞ்சளடிக்கும். தண்ணில கரைக்கிற அக்ரிலிக்தான் டீக்காலுக்கு ரொம்ப மென்மை. முதல் தடவை பண்றவங்களுக்கு அதையே சொல்லுவேன். ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் கல்லு மாதிரி நிக்கும், உண்மைதான். ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. அதுக்கான முழுப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லைன்னா தொடாதீங்க. மத்த கேன்களுக்கும் காத்தோட்டமான இடமும், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியைப் பிடிக்கிற வடிகட்டி) போட்ட ரெஸ்பிரேட்டரும் வேணும். துணி மாஸ்க் பெயின்ட் துகளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

எனாமல் கேன்ல பாருங்க, "1 மணி நேரத்துக்குள்ள, இல்லைன்னா 48 மணி நேரம் கழிச்சு அடுத்த கோட்"னு போட்டிருக்கும். கேனுக்குக் கேன் இது மாறும், உங்க கேனைப் படிச்சுக்கோங்க. நடுவுல ஏன் அடிக்கக் கூடாது? மேல ஆடை கட்டியிருக்கும், உள்ள இன்னும் இளகலா இருக்கும். புதுத் தின்னர் அந்த ஆடைக்குள்ள இறங்கி அதை உப்ப வெச்சிடும். காஞ்சிடுச்சான்னு தெரிஞ்சுக்க மூக்கைக் கிட்ட வெச்சு மோந்து பாருங்க. பெயின்ட் வாசனை வருதுன்னா இன்னும் காயலை.

இப்போ இதைக் கேமரா கிட்ட கொண்டு வரேன். இது வெட்டி மிஞ்சின பாடி டியூப், அதாவது ராக்கெட்டோட உடம்புக் குழாய், துண்டு. ராக்கெட்டுக்கு அடிச்ச அதே பிரைமர், அதே பெயின்ட், டீக்கால் ஷீட்ல மிஞ்சின ஓரம். இடது பக்கம் மூணு தூறல் கோட் போட்டு அப்புறம் ஈரக் கோட். வலது பக்கம் நேரா ஈரக் கோட். லைட்டைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன். வலது பக்கம் எழுத்தோட ஓரத்துல நரம்பு மாதிரி கோடு ஓடுது பாருங்க. ராக்கெட் மேல இது வந்துட்டா திருப்பி எடுக்க வழியே இல்லை. அதனால துண்டுல அடிச்சு ஒரு நாள் விட்டுப் பாக்காம ராக்கெட்டைத் தொடாதீங்க.

கிளியருக்கு முன்னாடி டீக்காலைச் சரி பண்ணணும். டீக்கால் கீழ வெள்ளி மாதிரி மின்னுதுன்னா அங்க காத்து மாட்டியிருக்கு. மேட், அதாவது மினுப்பில்லாத, பெயின்ட் மேல ஒட்டினா பெரும்பாலும் இப்படித்தான். கிளியர் அடிச்சா மறைஞ்சிடும்னு நினைக்காதீங்க, மறையாது. ஊசி முனையால நாலஞ்சு இடத்துல குத்தி, மைக்ரோ சால் மாதிரி சாஃப்ட்னர் ஒரு சொட்டு வைங்க. டீக்கால் சுருங்கின மாதிரி தெரியும், பயப்படாதீங்க. கையும் வைக்காதீங்க. காயும்போது தானா படிஞ்சிடும்.

அடுத்து, சுத்துவட்டாரத்துல வழிஞ்ச பசை. அது காஞ்சா பழுப்பா கறை நிக்கும், அதுமேல கிளியர் சரியா பிடிக்காது. ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் 24 மணி நேரம், சாஃப்ட்னர் போட்டிருந்தா 48. இதைக் குறைக்கவே கூடாது. அடியில தண்ணி இருக்கும்போது மூடினா அது மூட்டமாவோ கொப்புளமாவோ காட்டிடும். இதுக்கப்புறம் ராக்கெட்டை வெறுங்கையால பிடிக்காதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்துல கிளியர் ஒதுங்கி நிக்கும்.

வீட்டுலயே இங்க்ஜெட்ல பிரின்ட் எடுத்த டீக்கால்னா கணக்கு வேற. அந்த இங்க் தண்ணில கரையும். தண்ணில போடுறதுக்கு முன்னாடியே ஷீட் மேல ரெண்டு மூணு மெல்லிய கோட் கிளியர் அடிச்சு, நல்லா காய வெச்சுட்டுத்தான் வெட்டணும். வெயில்ல வெளுத்தும் போகும், அதனால கடைசிக் கோட்டுக்கு யூவி தடுப்புள்ள கிளியர் எடுங்க. ஃப்ளூரசன்ட் பெயின்டுக்கும் அதேதான்.

மறைக்க வேண்டிய இடங்கள். நோஸ் கோனோட (ராக்கெட்டோட கூம்பு மூக்கு) ஷோல்டர், அதாவது டியூப்புக்குள்ள செருகுற பகுதி, அது உட்காருற டியூப் வாய், லாஞ்ச் லக் (ஏவுற ராடுல கோக்கிற சின்னக் குழாய்) ஓட்டை, மோட்டார் உட்காருற மோட்டார் மவுன்ட். ஷோல்டர்ல கிளியர் படிஞ்சா நோஸ் கோன் இறுகிக்கும், பாராசூட் வெளிய வராம போகலாம். லாஞ்ச் லக்குக்குள்ள ஒரு சொட்டு காஞ்சாலும் ராடுல உரசும். ஒரு டூத்பிக்ல டேப் சுத்தி ரெண்டு முனையிலயும் அடைச்சுடுங்க. பிடிக்கிறதுக்கு, தீர்ந்துபோன மோட்டார் கேஸ்ல ஒரு குச்சி செருகி மவுன்ட்ல ஏத்திக்கலாம். குரோம் ஸ்ப்ரே அடிச்ச இடத்தையும் மூடுங்க, கிளியர் பட்டா கண்ணாடி மினுப்பு போய் சாம்பலாயிடும்.

இனி அடிக்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கற நேரமா பாருங்க. அதுக்கு மேல போனா, குறிப்பா லாக்கர், வெள்ளை பூத்துடும். கேனை வெதுவெதுப்பான தண்ணில, கை பொறுக்குற சூடுதான், 10 நிமிஷம் வைங்க. கொதிநீர் கூடாது, அடுப்பு கூடவே கூடாது. அப்புறம் 2 நிமிஷம் குலுக்குங்க. தூரம் 30 செ.மீ. ராக்கெட்டுக்கு வெளியிலயே அழுத்த ஆரம்பிச்சு, கடந்து போய், வெளியில போய்தான் விரலை எடுக்கணும். முதல் கோட் விழுந்ததும் மேல பனி படிஞ்ச மாதிரி சொரசொரப்பா இருக்கும். அதுதான் சரி, அதைப் பாத்து இன்னொரு இழுப்பு இழுக்காதீங்க. 10 நிமிஷம் விட்டு ரெண்டாவது, இன்னொரு 10 நிமிஷம் விட்டு மூணாவது. அதுக்கப்புறம்தான் 25 செ.மீ.க்கு வந்து, மேற்பரப்பு லேசா நனைஞ்சு மினுங்குற அளவுக்கு ஒரு கோட். ஃபின்னும் (வால் பக்கத் துடுப்பு) டியூப்பும் சேர்ற மூலையில ரெண்டு பக்கத்திலிருந்தும் விழுறதால அங்கதான் முதல்ல வழியும். அடிச்ச உடனே ராக்கெட்டைப் படுக்கை வாட்டத்துல மெதுவா சுத்திக்கிட்டே இருங்க. மேட் ஃபினிஷ் வேணும்னா மினுப்புக் கிளியரால வேலி போட்டுட்டு மேல மேட் கிளியர். அதையும் தடிமனா அடிச்சா கருப்பு மேல வெள்ளையா மூடுபனி தெரியும்.

ஒட்டுற ஸ்டிக்கர் டீக்கால் தடிமன் ஜாஸ்தி, ஓரப் படி தெரியும். நாலஞ்சு கோட் ஏத்தி, ஒரு வாரம் காய விட்டு, 2000 கிரிட் தாளால சோப்புத் தண்ணி தொட்டு லேசா தேய்க்கலாம். ஃபின் விளிம்புலயும் ஸ்டிக்கர் ஓரத்துலயும் அழுத்தாதீங்க, கிளியர் அங்க சீக்கிரம் அறுந்துடும். டியூப்போட வெட்டு முனைல தண்ணி போகாம டேப் போட்டுடுங்க, காகிதம் ஊறினா உப்பிடும்.

கடைசியா எடை. பி.டி.-60ங்கிற அளவு டியூப், வெளி விட்டம் 41.6 மி.மீ., நீளம் 45 செ.மீ.ன்னு எடுத்துக்கோங்க. பரப்பு ஏறக்குறைய 590 சதுர செ.மீ. காஞ்ச கிளியர் 50 மைக்ரான் இருந்தாலே 3 கிராம் ஏறுது. மூணு ஃபின், ரெண்டு பக்கமும் சேத்து 300 சதுர செ.மீ.ன்னா இன்னொரு ஒன்றரை கிராம், அது மொத்தமும் வால்ல. 90 கிராம் ராக்கெட்ல, ஈர்ப்பு மையத்துக்கு 20 செ.மீ. பின்னாடி அந்த ஒன்றரை கிராம் உட்கார்ந்தா, மையம் 3 மி.மீ.க்கு மேல பின்னாடி நகரும். ஸ்டிக்கருக்காக நாலஞ்சு கோட் ஏத்தினா இன்னும் கூடும். அதனால மோட்டார் போட்டு, பாராசூட் மடிச்சு வெச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு ஈர்ப்பு மையத்தை மறுபடி குறிங்க. அழுத்த மையத்துக்கு (காத்தோட விசை மொத்தமா செயல்படுற புள்ளி) முன்னாடி குறைஞ்சது ஒரு டியூப் விட்டம், இதுக்கு 41.6 மி.மீ., தள்ளி அது இருக்கணும், அப்பதான் ராக்கெட் நேரா பறக்கும். குறைஞ்சா நோஸ் கோனுக்குள்ள கொஞ்சம் மாடலிங் களிமண் அடைச்சு, திரும்பத் தொங்க விட்டுப் பாருங்க.