36 வருஷம் ஒரே ஊருக்கு மேயர்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஹேசல் மெக்காலியன் அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். கனடாவில் டொரன்டோவுக்கு மேற்கே இருக்கிற மிசிசாகா நகரத்துக்கு 1978 முதல் 2014 வரை மேயராக இருந்தவர். தொடர்ந்து 12 முறை ஜெயித்தார். பதவியை விட்டு இறங்கும்போது வயது 93.

அரசியல் என்றாலே நமக்குப் பிரதமர், முதலமைச்சர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை என்றால் நாம் போய் நிற்கிற இடம் உள்ளாட்சி அலுவலகம். அந்த வேலையை ஏதோ முதல் படி மாதிரி நினைக்காமல், அதிலேயே ஆயுளைக் கொடுத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இவர் பிறந்தது 1921இல், கியூபெக் மாகாணத்தில். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. மாண்ட்ரியலில் காசுக்கு ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறார், அதுவும் பெண்கள் ஆடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில்! கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சின்ன ஊரில் குடியேறி, ஊர்க் காரியங்களில் இறங்கி, 1970இல் அந்த ஊருக்கே மேயர் ஆனார்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1974இல் ஸ்ட்ரீட்ஸ்வில்லை மிசிசாகாவோடு இணைத்தார்கள். கூடாது என்று முன்னால் நின்று போராடியவர் இவர்தான். தோற்றுப்போனார். சரி, ஒதுங்கிவிடுவார் என்றுதானே நினைப்போம்? எந்த நகரம் தன் ஊரை விழுங்கியதோ அதே நகரத்தின் மன்றத்தில் போய் உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அதற்கே மேயர்.

பதவியேற்று ஒரு வருஷம்கூட முடியவில்லை. 1979 நவம்பர் 10, நள்ளிரவு நெருங்குகிற நேரம். 106 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் மிசிசாகாவுக்குள் தடம் புரண்டது. ஒரு பெட்டியின் சக்கர அச்சு சூடேறிப்போய் சக்கரம் கழன்றதுதான் காரணம். புரொப்பேன் பெட்டிகள் வெடித்து எரிகின்றன. பக்கத்திலேயே குளோரின் பெட்டி ஒன்று, ஓட்டை விழுந்து கிடக்கிறது. அந்த வாயு காற்றில் கலந்து ஊருக்குள் வந்தால் மூச்சு விட முடியாது, நினைத்துப் பாருங்கள்.

2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். மருத்துவமனைகளில் படுத்துக் கிடந்த நோயாளிகள், முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள், எல்லோரையும். காவல்துறை, தீயணைப்புத் துறை, மாகாண அரசு என்று பலர் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஓடுகிற ஓட்டத்தில் மேயருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே வந்து பத்திரிகையாளர்களிடம் நிலவரம் சொன்னார். எல்லோரும் வீடு திரும்பக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தன் சொந்த நிலத்துக்கும் சம்பந்தமுள்ள ஒரு விஷயத்தில் ஒதுங்கி நிற்காமல் கலந்துகொண்டார் என்று 1982இல் நீதிமன்றம் அவர்மேல் தவறு கண்டது. பதவி போகவில்லை, ஆனால் தவறு தவறுதான். பிற்காலத்தில் மகன் சம்பந்தப்பட்ட நிலப் பேரத்துக்காக ஒரு விசாரணையும் நடந்தது. ஒருவரே இவ்வளவு காலம் பதவியில் இருந்தால், கேள்வி கேட்கிறவர்களும் கூடவே இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் தேர்தல். பிற்காலத் தேர்தல்களில் அவர் பிரச்சாரமே செய்யவில்லை. தேர்தல் செலவுக்கு என்று யாராவது பணம் கொடுக்க வந்தால், அதைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். அப்படியும் ஜெயித்தார்! முப்பது வருஷமாகத் தெருவிலும் விழாவிலும் கண்ணெதிரே பார்த்த முகத்துக்குச் சுவரொட்டி எதற்கு?

ஓய்வு பெற்றும் வீட்டில் உட்காரவில்லை. டொரன்டோ விமான நிலையத்தை நடத்துகிற ஆணையத்தின் குழுவில் இருந்தார். 2022இல், 101 வயதில், இன்னும் மூன்று வருஷத்துக்கு அவரையே மறுபடி நியமித்தார்கள். 2023 ஜனவரி 29ஆம் தேதி காலமானார். அந்தப் பதவிக்காலத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.