கால்சட்டைக் கோயிலும் சேலை கட்டிய மாதாவும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழைய கிராமத்துத் தேவாலயத்துக்குப் பெருமை அதன் வரலாற்றாலா, கலையாலா என்பது தலைப்பு. நான் வரலாற்றின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவைப் பற்றி உருகிப் பேசினார். சேலை உடுத்தி, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, நம் வீட்டுப் பெண் போலவே நிற்கும் சுரூபம். "இந்த அழகை ரசிக்க ஆண்டுக் கணக்கு எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், அழகு அழகுதானே.

சரி, அந்த மாதாவுக்குச் சேலை உடுத்திப் பார்க்க நினைத்தவர் யார்? இத்தாலியில் பிறந்து இங்கே வந்த வீரமாமுனிவர். காவி உடுத்தித் தமிழ் படித்து, சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயரிட்டுத் தேம்பாவணி பாடியவர். பக்கத்து விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தச் சேலை மடிப்பைப் பாருங்கள். தூர தேசத்துக்காரர் ஒருவர் இந்த மண்ணின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது தெரியும். தோழி ரசித்த அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்கு வாருங்கள். அங்கே 1872-இல் கட்டிய ஆலயத்துக்குக் 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர். நீளமான இரண்டு கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி. இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் ஒரே பீடம். வடிவத்தை மட்டும் பார்ப்பவர் "என்ன புதுமையான அமைப்பு!" என்று படம் வரைந்துகொண்டு போவார்.

அந்த இரண்டு கால்கள் எதற்கு? ஒரு சாதிக்கு ஒரு கூடம், மற்றவர்களுக்கு இன்னொன்று. பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கமும் பார்க்கலாம். பக்கத்துக் கூடத்தில் முழங்காலில் நிற்பவரைப் பார்க்க முடியாது. நடுவில் சுவர்.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர். 2022-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் தலையில் தண்ணீர் விழுந்த ஊரில், 127 ஆண்டு கழித்து, சாதிக்காக ஒரு சுவர்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். திரும்பக் கட்ட வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. 38 ஆண்டுகள் நின்ற அந்தச் சுவரைக் கலையின் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பதிலுக்குக் காத்திருக்கிறேன். வணக்கம்.