சோளகத்திலும் அடுப்பெரிய வேணும்: இரணைதீவுக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முழங்காவிலிலும் இரணைமாதா நகரிலும் இருந்து வந்திருக்கிற உறவுகளே, வணக்கம்.

"இரணைதீவு நிமிர்வது கடற்தொழிலாலா, சுற்றுலாவாலா?" என்பது தலைப்பு. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கடலில் இருக்கிற எங்கள் மீனவத் தீவு அது. எதிரணித் தலைவர் சொன்னார்: ஆட்களைப் படகில் ஏற்றி இறக்கினால் அன்றைக்கே கையில் காசு, வலையை நம்பினால் நண்டு பட்டால்தான் சோறு என்று. அவருடைய கணக்கில் காற்று இல்லை. அதையும் சேர்த்துப் பார்ப்போம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் ஊருக்கு வருவது ஆடி, ஆவணியில். பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. அது முழுச் சோளகக் காலம், தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். வைகாசியில் தொடங்குகிற காற்று புரட்டாதி வரைக்கும் இந்த மேற்குக் கரையை விடாது. இது ஆழம் குறைந்த கடல். அலை குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றின் முதுகில் ஒன்றாக வரும். மற்ற நாளில் ஒரு மணித்தியாலம் அளவில் போய்ச் சேருகிற படகு அந்த நாளில் முன்பக்க அணியத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு போகும். தொழிலாளி காற்றைப் பார்த்துவிட்டுக் கரையில் இருந்து வலை பொத்துவார். மூன்று கிழமை லீவில் வந்தவர் "இண்டைக்கே போகவேணும்" என்பார். அந்த அவசரத்துக்குப் படகை இறக்கினால் உயிருக்கு யார் பொறுப்பு?

அந்தப் படகும் இரண்டு மூன்று பேர் நின்று வலை இழுக்கக் கட்டின பைபர் படகு. பத்துப் பேரை ஏற்றி, எல்லாரும் படம் எடுக்க ஒரே பக்கம் எழும்பினால் சரிந்துவிடும். ஆளுக்கொரு மிதவை அங்கி வேணும். எண்ணெயில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, இன்னொரு பங்கு எதிர்க்காற்றுக்கு. என்ஜினுக்கு மாற்று பிளக் படகிலேயே கிடக்க வேணும். இவ்வளவும் செய்து ஆட்களைக் கூட்டிப் போகட்டும், எங்கள் அணி மறிக்கவில்லை. அதையே தீவின் அடுப்புக்கு விறகாக வைக்காதீர்கள் என்கிறோம்.

நண்டுத் தொழிலைப் பாருங்கள். பின்னேரம் படுத்த வலையை விடியப்புறம் இழுக்க வேணும். பிந்தினால் நண்டு வலையிலேயே செத்துப்போகும். செத்த நண்டின் சதை சீக்கிரம் இளகிவிடும், வாங்குகிறவர் கையால் தள்ளிவிடுவார். கழற்றும்போது அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும், விலையும் முறியும். சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிட வேணும். மிச்சத்தை நனைந்த சாக்கால் மூடி, வெயில் படாமல் கரை சேர்க்க வேணும். சோளகத்திலும் விடியப்புறம் காற்று கொஞ்சம் விழும். தீவில் வாடி, அதாவது தொழில் கொட்டில், போட்டு இருக்கிறவர் அந்த இடைவெளிக்குள் கிட்டக் கடலில் வலையை இழுத்துவிடுவார். விருந்தாளி இறங்குதுறைக்கு வருகிறபோது மணி பத்து, காற்று மறுபடி எழும்பியிருக்கும்.

தண்ணீருக்கு வருவோம். எதிரணி கேட்கிற விருந்தினர் அறைகளுக்குத் தண்ணீர் எங்கே? சின்னத் தீவுகளின் நன்னீர், மழையில் ஊறி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிற ஒரு படலம். மேலே நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி வரைக்கும் ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளுகிற கிணறு இரவில் ஊறிச் சுதாரிக்கும். மோட்டர் பூட்டி இறைத்தால் கிணறு உப்புக் கரித்துச் சவராகும். சவரான கிணறு திரும்ப ஒரு மாரி போதாது. ஆழமாக வெட்டினால் சரிவரும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை, வெட்ட வெட்ட உப்புக்குக் கிட்டப் போகிறோம்.

கருவாட்டுக்குக் கிணறு வற்றாது. முதுகால் பிளந்து, குடல் பூ எடுத்து, கடல் தண்ணீரில் கழுவி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புப் போட்டு ஒரு இரவு வைத்து, மணலில் போடாமல் உயர்த்திக் கட்டின பந்தலில் காயவைத்தால் போதும்.

1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், தீவுக்குத் திரும்பவேணும் என்று 2017 மே மாதம் போராட்டத்தில் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டித் தங்கள் படகுகளிலேயே போய் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது வீடும், மாதா கோயிலும், தொழில் செய்கிற கடலும். பெண்கள் கரையோரத் தண்ணீரில் இறங்கிக் கடலட்டை பொறுக்கின தீவு அது. இக்கரையில் இருந்து அந்தக் கடலுக்குப் போய்வர எரிகிற எண்ணெய், தீவில் இருந்தால் மிச்சம்.

எதிரணியின் பலமான கேள்வி ஒன்று உண்டு: இழுவைப் படகு வாரிக்கொண்டு போனபிறகு கடலில் என்ன மிச்சம்? நியாயமான கேள்வி. அந்தப் படகு கடலடியில் இழுக்கிற வலையான இழுவைமடி கடற்புல்லைப் பிடுங்குகிறது, அந்தப் புல்லுக்குள்தான் நண்டும் அட்டையும் வளர்கின்றன. படுத்து வைத்த வலையையும் அறுக்கிறது. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. தொழிலாளி கடலில் நின்றால்தான் எந்த இரவு எந்த இடத்தில் மடி இழுத்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்கும். அவரையும் ஆள் ஏற்றி இறக்க அனுப்பிவிட்டால் யார் சொல்வது?

அதனால் நடுவர் அவர்களே, தீவுக்கு முதல் காசு ஐஸுக்கும் இறங்குதுறைக்கும் வலைக்கும் போகட்டும் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்: கடன் எடுத்துக் கட்டின அறை சோளகம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால், அந்த ஐந்து மாதத் தவணையை அந்த வீடு எதைக் கொண்டு கட்டும்?